டுவோலிங்கோ: தீ அணையாமல் எரிகிறது, மொழி வருகிறதா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதனைத் தினமும் பாடத்தின் முன் உட்கார வைக்கிற விஷயத்தில் டுவோலிங்கோவை அடிக்க வேறு ஆப் எனக்குத் தெரிந்து இல்லை. உட்கார்ந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் பேச நிறைய இருக்கிறது. ஜெர்மன் படிக்க ஒரு வருடத்துக்கும் மேலாக இதைப் பயன்படுத்துகிறேன், கூடவே கொஞ்சம் இந்தியும் தொட்டுப் பார்த்தேன். ஆனால் இந்த ரிவ்யூவில் பாடங்களை விட, அந்த உட்கார வைக்கும் வித்தையைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். ஆப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பாடத்தை மட்டும் பார்த்தால் இது சுமாரான ஒரு பயிற்சிப் புத்தகம்.

சின்னதாக ஒரு பின்னணி. லூயிஸ் வான் ஆன் குவாத்தமாலாக்காரர். இணையதளங்களில் கோணல்மாணலான எழுத்தைக் காட்டி "நீ மனிதன்தானா" என்று கேட்பார்களே, அந்த கேப்ச்சாவை உருவாக்கியவர்களில் ஒருவர். அவரும் அவருடைய மாணவர் செவரின் ஹாக்கரும் பிட்ஸ்பர்க்கில் தொடங்கியதுதான் டுவோலிங்கோ, பொதுமக்களுக்குத் திறந்தது 2012 ஜூனில். மொழி கற்பவர்களை வைத்தே இணையத்தை மொழிபெயர்த்து, அந்த வேலையை விற்று, பாடத்தை இலவசமாகக் கொடுக்கலாம் என்பது ஆரம்ப யோசனை. அது ஓடவில்லை. இப்போது வருமானத்தில் பெரும்பங்கு சந்தாவிலிருந்து வருகிறது, பிறகு விளம்பரம், ஆங்கிலத் தேர்வு. 2021 ஜூலையில் நாஸ்டாக்கில் பட்டியலான பிறகு, தினமும் எத்தனை பேர் ஆப்பைத் திறக்கிறார்கள் என்கிற எண்ணைக் காலாண்டுக்கு ஒருமுறை உலகத்துக்கே சொல்லியாக வேண்டும். ஆக, நீங்கள் இன்று திறந்தீர்களா என்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியமோ தெரியாது, அவர்களுக்கு ரொம்ப முக்கியம். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஆப்பில் இருக்கும் ஒவ்வொரு பொம்மையும் ஏன் அங்கே இருக்கிறது என்று புரிந்துவிடும்.

முதல் பொம்மை ஸ்ட்ரீக். ஒரு தீச்சுடர், பக்கத்தில் ஒரு எண். விடாமல் எத்தனை நாள் வந்தீர்கள் என்பதுதான் அந்த எண். இவ்வளவுதானா என்றால், ஆமாம், இவ்வளவுதான். ஆனால் அந்த எண் ஐம்பதைத் தாண்டிய பிறகு அதை விட மனசு வராது. கிடைக்கும் நூறு ரூபாயின் சந்தோஷத்தை விடக் கையிலிருந்து போகும் நூறு ரூபாயின் வலி பெரிது என்று கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-லேயே எழுதிவிட்டார்கள். ஸ்ட்ரீக் அந்த வலியை மட்டும் எடுத்துக்கொண்டு வியாபாரம் செய்கிறது. முதல் வாரத்தில் அது வெறும் எண். நூறாவது நாளில் அது உங்கள் சொத்து, இன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பறிபோகப் போகிற சொத்து. ஒரு வருடத்துக்கு மேல் ஸ்ட்ரீக் வைத்திருப்பவர்கள் முப்பது லட்சம் பேருக்கு மேல் என்று வான் ஆன் 2023-ல் ஒரு மேடையில் சொன்னார். நாட்டில் எத்தனை ஜிம்கள் ஜனவரி மாதக் காசை மட்டும் நம்பிப் பிழைக்கின்றன என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சாதனை என்று புரியும்.

இதில் நுணுக்கமான ஒரு விஷயம் இருக்கிறது. ஆரம்ப காலத்தில் நீங்களே வைத்துக்கொண்ட தினசரி இலக்கை எட்டினால்தான் ஸ்ட்ரீக் ஏறும். இலக்கைப் பெரிதாக வைத்தவர்கள் ஒருநாள் சறுக்கி, எண் பூஜ்ஜியமானதும் மொத்தமாகப் போய்விடுவார்கள். பிறகு விதியைத் தளர்த்தி, ஒரே ஒரு பாடம் முடித்தால் போதும் என்றாக்கினார்கள். போதாததற்கு ஸ்ட்ரீக் ஃப்ரீஸ் என்று ஒன்று. ஆப்புக்குள் நாணயம் போலப் புழங்கும் ஜெம்மைக் கொடுத்து முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால், ஒருநாள் மறந்தாலும் எண் தப்பிக்கும். காய்ச்சல், கல்யாண வீடு, ரயில் பயணம் என்று வரும் நாட்களுக்கு இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. விளையாட்டில் கருணைக்கும் இடம் வைக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் அங்கே உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

ஆனால் ஸ்ட்ரீக் என்பது பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. பையன் வந்தானா, வந்தான். என்ன படித்தான் என்று அதில் எழுதியிருக்காது. ராத்திரி பதினொன்றே முக்காலுக்குப் படுக்கையில் சாய்ந்தபடி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பழைய பாடம் ஒன்றை இரண்டு நிமிடத்தில் தட்டி முடித்தாலும் அதே தீச்சுடர்தான், அதே கொண்டாட்டம்தான்.

அடுத்தது ஆப்பின் சின்னமான அந்தப் பச்சை ஆந்தை. நம் ஊரில் ஆந்தை அலறினாலே சகுனம் சரியில்லை என்பார்கள், இங்கே அது தினமும் ஃபோனில் அலறுகிறது. நோட்டிஃபிகேஷன் எப்போது வரும் என்பதற்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை: நேற்று எப்போது படித்தீர்களோ அதிலிருந்து கிட்டத்தட்ட 24 மணி நேரம் கழித்து. நேற்று அந்த நேரம் சும்மா இருந்தவர் இன்றும் சும்மாதான் இருப்பார் என்கிற எளிய ஊகம், பெரும்பாலும் பலிக்கிறது. ஏழு நாள் வராமல் இருந்தால், "இந்த நினைவூட்டல்களால் பயன் இருப்பதாகத் தெரியவில்லை, இப்போதைக்கு நிறுத்திக்கொள்கிறோம்" என்கிற தொனியில் ஒன்று வரும். நிறுத்துகிறோம் என்று சொன்னதும்தான் நிறையப் பேர் பதறி அடித்துக்கொண்டு திரும்பி வருகிறார்களாம், இதையும் வான் ஆனே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். சில நாட்கள் ஆப்பின் ஐகானிலேயே ஆந்தை மூக்கு ஒழுக, கண் சொருகிக் காட்சியளிக்கும். 2025 பிப்ரவரியில் ஒரு படி மேலே போய் ஆந்தை செத்துவிட்டதாகவே அறிவித்து, உலகம் முழுக்க எல்லோரும் சேர்ந்து 5,000 கோடி எக்ஸ்பி (பாடம் முடித்தால் கிடைக்கும் புள்ளி) சம்பாதித்தால் உயிர் பிழைக்கும் என்றார்கள். பிழைத்தும் வந்தது. விளம்பரமாகப் பார்த்தால் அபாரம். எட்டு வயதுக் குழந்தையின் ஃபோனில் இது வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தால் எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

ஒரு பாடம் முடிந்ததும் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். பாடம் இரண்டு மூன்று நிமிடம். கடைசிக் கேள்விக்குப் பதில் சொன்னதும் ஒரு மணி ஓசை, பொம்மைகள் குதிக்கின்றன, இத்தனை எக்ஸ்பி, இத்தனை சதவீதம் சரி, இவ்வளவு வேகம். தட்டினால் தீச்சுடர் எரிந்து எண் ஒன்று ஏறுகிறது. தட்டினால் இன்றைய வேலைகளில் ஒன்று நிறைவேறி ஒரு பெட்டி திறக்கிறது, உள்ளே ஜெம்மோ, பதினைந்து நிமிடத்துக்கு எக்ஸ்பி இரட்டிப்பாகும் பாட்டிலோ இருக்கும், என்ன இருக்கும் என்று திறக்கும் வரை தெரியாது. தட்டினால் லீக் பட்டியலில் உங்கள் பெயர் சர்ரென்று இரண்டு இடம் மேலே ஏறுகிறது. இலவசமாகப் பயன்படுத்தினால் நடுவில் ஒரு விளம்பரம். இத்தனையும் முடிந்து வெளியே வரும்போது, சற்றுமுன் என்ன வாக்கியம் படித்தோம் என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கும். அந்த இரட்டிப்புப் பாட்டில் மட்டும் நினைவிருக்கும், ஏனென்றால் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னொரு பாடம் போட்டால் இரட்டிப்பு கிடைக்கும்.

அந்த லீக்தான் எனக்கு இந்த ஆப்பிலேயே பெரிய கேள்விக்குறி. வெண்கலத்தில் தொடங்கி வைரம் வரை பத்துப் படி. ஒவ்வொரு வாரமும் அதிகபட்சம் முப்பது அந்நியர்களோடு உங்களைச் சேர்த்துவிடுவார்கள். எக்ஸ்பி அதிகம் எடுத்தவர்கள் மேல் படிக்குப் போவார்கள், கடைசியில் இருப்பவர்கள் கீழே இறங்குவார்கள். இது எங்கிருந்து வந்தது என்பதை அங்கே முன்பு தயாரிப்புப் பிரிவுத் தலைவராக இருந்த ஜார்ஜ் மசால் விவரமாக எழுதியிருக்கிறார். முதலில் அவர்கள் காப்பி அடித்தது, ஒரே மாதிரிக் காய்களை வரிசையில் சேர்க்கும் கார்டன்ஸ்கேப்ஸ் என்ற மொபைல் விளையாட்டை. அதில் இத்தனை நகர்த்தலுக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு எண் குறைந்துகொண்டே வருமே, அதைப் பாடத்துக்குள் கொண்டு வந்து வைத்தார்கள். துளியும் எடுபடவில்லை. விளையாட்டில் அந்த எண் குறையும்போது எந்தக் காயை எங்கே நகர்த்தலாம் என்று யோசிப்பதில் ஒரு சுவை உண்டு. 'மேஜை'க்கு ஜெர்மனில் என்ன என்று கேட்டால் தெரியும் அல்லது தெரியாது, அதில் உத்தி எங்கே இருக்கிறது? அடுத்ததாக ஃபார்ம்வில் 2 என்ற விவசாய விளையாட்டில் இருந்த லீக்கை எடுத்தார்கள். அது ஓடோ ஓடென்று ஓடியது. மற்றவர் தோட்டத்தில் அழகாக இருக்கிறது என்று செடியைப் பிடுங்கி வந்து நடாமல், நம் மண்ணில் அது ஏன் பிடிக்கும் என்று முதலில் கேட்க வேண்டும் என்பதை மசால் தன் அனுபவத்திலிருந்தே சொல்கிறார். ஆப் செய்கிறவர்கள், பேட்ஜ் ஒன்றைச் சேர்த்துவிட்டால் ஆட்கள் குவிவார்கள் என்று நம்புகிறவர்கள், அவர் எழுதியதைத் தேடிப் படிக்கலாம்.

சரி, ஓடியது என்றால் எதில் ஓடியது? ஆட்கள் அதிக நேரம் இருந்தார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் லீக் எண்ணுவது எக்ஸ்பியை. எக்ஸ்பி என்பது எந்தப் பாடத்தில் வேண்டுமானாலும் கிடைக்கும். புரியாத வேற்றுமை உருபில் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு பாடம் முடித்தவருக்கும், ஏற்கனவே தண்ணீர்பட்ட பாடாகத் தெரிந்த மொழியைத் திறந்து வைத்துச் சரசரவென்று தட்டித் தள்ளுபவருக்கும் பட்டியலில் வித்தியாசம் இல்லை, இரண்டாமவர் மேலே இருப்பார். கணக்குப் பாடம், இசைப் பாடம், செஸ் எதில் சம்பாதித்தாலும் ஜெர்மன் படிக்கிறவரின் லீக்கில்தான் சேரும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாரம் முடியப்போகும் நேரத்தில் பட்டியல் துள்ளுவதைப் பார்த்தாலே தெரியும், அந்த நேரத்தில் அங்கே யாரும் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளவில்லை. கஷ்டமான பாடத்துக்குப் போவது நஷ்டம், சுலபமானதைத் திரும்பச் செய்வது லாபம் என்று ஒரு கற்றல் ஆப் விதி வகுத்து வைத்திருக்கிறது. இது தவறி வந்த விளைவு என்று சொல்ல முடியாது, விதியே அப்படித்தான் இருக்கிறது.

பரிசு கொடுத்தால் ஆர்வம் கூடும் என்று நாம் பொதுவாக நினைக்கிறோம். 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று பேர், படம் வரையப் பிடித்த சின்னக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருகிறேன் என்று முன்னாலேயே சொல்லிக் கொடுத்த குழந்தைகள், பின்னால் சும்மா விட்டபோது முன்பை விடக் குறைவாக வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுத்த குழந்தைகளுக்கும், பரிசே கொடுக்காத குழந்தைகளுக்கும் ஆர்வம் அப்படிக் குறையவில்லை. டுவோலிங்கோவில் எனக்கு உறுத்தாத பகுதி எது, உறுத்துகிற பகுதி எது என்று பார்த்தால் கிட்டத்தட்ட இதே கோட்டில்தான் வருகிறது. எதிர்பாராமல் திறக்கும் பெட்டி ஒரு சின்னச் சந்தோஷம், அதோடு முடிந்தது. "முதல் சில இடத்துக்குள் வந்தால் மேல் லீக்" என்கிற வாக்குறுதி வாரம் முழுக்கத் தலைக்கு மேல் தொங்குகிறது.

இதையெல்லாம் விட எனக்குக் கோபம் வருவது இதயம் விஷயத்தில். பல வருடங்களாக இலவசப் பயனர்களுக்கு ஐந்து இதயம், ஒரு தப்புக்கு ஒன்று போகும், ஐந்தும் போனால் காத்திருக்க வேண்டும், அல்லது ஜெம் கொடுக்க வேண்டும், அல்லது பழைய பாடத்தைப் பயிற்சி செய்ய வேண்டும், அல்லது சந்தா. கேண்டி க்ரஷ்ஷில் ஐந்து உயிர் இருப்பது சரிதான், அங்கே தோற்றால் நஷ்டம் எதுவும் இல்லை. மொழி படிக்கிறவன் தப்பு செய்யாமல் எப்படிப் படிப்பான்? தப்பு செய்தால்தான் அடுத்த முறை நிற்கும். தப்புக்கு அபராதம் போட்டால் ஆட்கள் தப்பு வராத பாடமாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். 2025-லிருந்து இதயத்தை எடுத்துவிட்டு எனர்ஜி என்று ஒரு பேட்டரியைப் பலருக்கும் கொடுத்தார்கள். அதில் சரியாகச் சொன்னாலும் ஒவ்வொரு கேள்விக்கும் கொஞ்சம் குறையும், தொடர்ந்து சரியாகச் சொன்னால் கொஞ்சம் திரும்பி வரும். தப்புக்கு மட்டும் தண்டனை என்பது போய், படிப்பதற்கே மீட்டர் என்றாகிவிட்டது. ஆர்வமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் படிக்கலாம் என்கிறவரைத்தான் இது முதலில் எழுப்பி அனுப்பும். காசு கொடுத்தால் மீட்டர் இல்லை. ஊக்கப்படுத்துவதற்கு வைத்த விளையாட்டு எந்த இடத்தில் கல்லாப் பெட்டியாகிறது என்று தெரிய வேண்டுமென்றால் இங்கே பார்த்தால் போதும்.

பாடம் எப்படி என்று கேட்பீர்கள். ஒரு உதாரணம் மட்டும். பையன் ஒரு ஆப்பிள் சாப்பிடுகிறான் என்பதை ஜெர்மனில் அமைக்க வேண்டும். கீழே சொற்கள் கட்டங்களாகக் கிடக்கும்: டேர், யுங்கே, இஸ்ட், ஐனன், ஆப்ஃபல், கூடவே தண்ணீர், பூனை என்று இரண்டு வேண்டாத சொற்கள். அங்கே 'ஒரு' என்பதற்கு இருக்கிறதே ஒரே கட்டம், ஐனன். அது ஏன் ஐன் இல்லை, ஏன் ஐனன் என்று தெரிந்திருக்கவே வேண்டாம், மிச்சம் இருப்பதைத் தட்டினால் சரி. டிங் என்று ஓசை, பச்சைப் பட்டை, அருமை என்று பாராட்டு. ஜெர்மனில் அந்த 'ஏன்'தான் பாதி இலக்கணம். 2022-ல் பாடங்களை மரம் போன்ற அமைப்பிலிருந்து ஒற்றைப் பாதையாக மாற்றியபோது, முன்பு இருந்த விரிவான இலக்கணக் குறிப்புகளும் பெரும்பாலும் சுருங்கிப் போயின. அதே வாக்கியத்தைக் கட்டம் இல்லாமல் தட்டச்சு செய்யச் சொன்னால்தான் யாருக்கு என்ன தெரியும் என்று தெரியும். பல கேள்விகளில் விசைப்பலகைக்கு மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது, ஆனால் அப்படிச் செய்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் லீக்கில் பின்தங்குவீர்கள். திரும்பத் திரும்ப அங்கேதான் வந்து முட்டுகிறது.

என் மச்சினி நர்ஸ். ஜெர்மனிக்குப் போக வகுப்பில் சேர்ந்து படிக்கிறாள், இப்போது நம் ஊரிலிருந்து நிறையச் செவிலியர்கள் படிக்கிறார்கள். டுவோலிங்கோவைப் போட்டுப் பார் என்று கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்துக் கேட்டால், "நல்லாத்தான் இருக்கு அத்தான், ஆனா பூனை பால் குடிக்குது, பையன் ஆப்பிள் சாப்பிடுறான்னே போகுது. எனக்கு பேஷன்ட் கிட்ட எங்க வலிக்குதுன்னு கேக்கணும், அவங்க வேகமா சொல்றது புரியணும்" என்றாள். ஆப்பில் ஆஸ்பத்திரிச் சொற்களும் பின்னால் வரத்தான் செய்யும். ஆனால் அவள் எழுதப் போகும் கோத்தே பி1 என்ற ஜெர்மன் மொழித் தேர்வில் படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளோடு பேசும் பகுதிக்குக் கட்டத்தைத் தட்டிப் பழகிய விரல் உதவாது. இப்போது அவள் பேருந்தில் போகும்போது மட்டும் ஆப்பைத் திறக்கிறாள், மற்றபடி வகுப்பும் நோட்டும்தான். அவள் செய்வதுதான் சரியான பயன்பாடு என்று நினைக்கிறேன். பேசிப் பழக ஏஐ கதாபாத்திரத்தோடு வீடியோ கால் வசதி இருக்கிறது, ஆனால் அதை விலை அதிகமான மேக்ஸ் சந்தாவோடுதான் கொண்டு வந்தார்கள்.

எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்களா என்றால் இல்லை. புரோகிராமர்கள் வேலைகளைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் இதே மாதிரி ஸ்ட்ரீக் எண் இருந்தது, 2016-ல் அதை எடுத்துவிட்டார்கள். பங்கு வாங்கினால் வண்ணக் காகிதம் தூவிக் கொண்டாடிய ராபின்ஹுட் என்ற பங்குச்சந்தை ஆப்பும் கண்டனம் கிளம்பிய பிறகு 2021-ல் அதைக் கைவிட்டது. விளையாட்டு வாசமே இல்லாத அங்கி என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, பார்க்கச் சகிக்காது, ஆனால் ஒரு சொல்லை நீங்கள் மறக்கப்போகிற நேரம் பார்த்துச் சரியாக முன்னால் கொண்டு வந்து நிறுத்தும். அதைத் தினமும் திறக்க வைக்க ஆந்தை இல்லை என்பதால் போட்டவர்களில் பலர் மறுமாதம் மறந்துவிடுகிறார்கள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆக, போடலாமா என்றால், தாராளமாகப் போடுங்கள், சில மாற்றங்களோடு. தனியுரிமை அமைப்பில் போய் உங்கள் புரொஃபைலைப் பொதுவில் காட்டுவதை நிறுத்திவிட்டால் லீக்கிலிருந்து வெளியே வந்துவிடலாம். நண்பர்களைப் பின்தொடரும் வசதிகளும் போகும், போகட்டும். அமைப்புகளிலேயே ஊக்க வார்த்தைகள், அசைவுகள், சத்தம் எல்லாவற்றையும் அணைக்க முடியும், அணைத்துவிட்டால் பாடம் முடிந்ததும் வரும் திருவிழா பாதியாகக் குறையும். ஸ்ட்ரீக் இருக்கட்டும், அது நல்லது செய்கிறது. விசைப்பலகை வசதி தெரிகிற இடமெல்லாம் அதற்கு மாறுங்கள். வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் ஒருமாதிரி பார்த்தாலும் பரவாயில்லை. இலக்கணத்துக்குத் தனியாக ஒரு புத்தகம் வேண்டும்.

குழந்தைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் நோட்டிஃபிகேஷனை முதலில் அணைத்துவிட்டுக் கொடுங்கள். தேர்வுக்காகப் படிப்பவர்கள் இதை மட்டும் நம்ப வேண்டாம். சும்மா ஒரு மொழியின் வாசனை தெரிய வேண்டும், ரீல்ஸ் பார்க்கிற நேரத்தில் வேறு ஏதாவது செய்ய வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்லது கிடைக்காது.

மதிப்பெண் கேட்டால், தினமும் திறக்க வைப்பதற்கு ஐந்துக்கு ஐந்து, மொழியைப் பேச வைப்பதற்கு இரண்டரை. சந்தா கட்டலாமா என்பதற்கு என் பதில், தினமும் ஒன்றிரண்டு பாடத்தோடு எழுந்துவிடுகிறவர்களுக்குத் தேவையே இல்லை. அதற்கு மேல் உட்கார்கிறவர்கள் மீட்டர் தொல்லைக்காகவே கட்ட வேண்டியிருக்கும். கட்டுவதானால் ஆறு பேர் வரை சேரும் குடும்பச் சந்தாவைப் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டில் இரண்டு மூன்று பேர் படித்தாலே தனித்தனியாகக் கட்டுவதை விட அது கட்டுப்படியாகும்.